கோஸ்தான் (ரிவர்ஸ்) எடுக்கும்போது: எந்த வண்டிக்கு எந்த அலாரம்?

கேள்வி: மலேசியாவில், குளுவாங் வட்டாரத்தில் செம்பனைக் குலை ஏற்றும் குத்தகைத் தொழில் செய்கிறேன். மூன்று ரோரோ லோரி (தொட்டியைத் தனியாக இறக்கி ஏற்றுபவை), டிரெய்லர் பூட்டிய இரண்டு டிராக்டர், ஆலையில் குலை கொட்டும் ரேம்ப்பில் ஓடும் ஒரு ஷவல் (அள்ளும் இயந்திரம்) இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ரிவர்ஸ் அலாரம் பூட்டச் சொல்லித் தோட்ட நிர்வாகம் கடிதம் கொடுத்துவிட்டது. கடையில் '105 டெசிபல்' என்று போட்ட பெட்டி 40 வெள்ளிக்குக் கிடைக்கிறது. ஆறு வாங்கிப் பூட்டிவிடலாமா? ஒரு டிராக்டரில் ஏற்கெனவே அலாரம் உண்டு. போன மாதம் அது கத்திக்கொண்டிருக்கும்போதே, உதிரிப்பழம் பொறுக்கிய பெண் ஒருவர் வண்டி வரும் பக்கமாகவே நகர்ந்துவிட்டார், மயிரிழையில் தப்பினார். இன்னொரு பக்கம், விடியற்காலை 5 மணிக்கு லோரி எடுத்தால் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) எல்லாரும் சண்டைக்கு வருகிறார்கள். இரவுக்கு மட்டும் நிறுத்தி வைக்க ஒரு சுவிட்சு போடலாமா? பேசும் அலாரம் நல்லதா?

பதில்: ஆறையும் ஒரே பெட்டியாக வாங்காதீர்கள். உங்களிடம் மூன்று வகை வண்டி இருக்கிறது. அவை வேலை செய்யும் மூன்று இடங்களும் வேறு, பின்னால் நிற்கும் ஆட்களும் வேறு. அலாரம் எவ்வளவு கத்துகிறது என்பதை விட, பின்னால் நிற்பவர் காதில் அது எந்தப் பக்கத்திலிருந்து வருவதாக விழுகிறது என்பதே முக்கியம்.

முதலில் அந்த '105 டெசிபல்'. எத்தனை தூரத்தில் அளந்தது என்று பெட்டியில் போட்டிருக்கிறதா, பாருங்கள். தூரம் இல்லாத டெசிபலுக்கு அர்த்தமில்லை. மலிவான பீசோ பஸ்ஸர்களைப் பல நேரம் 10 செ.மீ. தூரத்தில் வைத்து அளந்துவிட்டு அந்த எண்ணைப் பெரிதாக அச்சடிக்கிறார்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் சத்தம் 6 டெசிபல் குறையும். 10 செ.மீ.யில் 105 என்றால் 1.2 மீட்டரில் ஏறக்குறைய 83, 5 மீட்டரில் 71தான். டிராக்டர் எஞ்சின் சத்தத்தில் அது அமுங்கிவிடும்.

வேலை வண்டி அலாரங்களை 1.2 மீட்டர், அதாவது 4 அடி தூரத்தில் அளப்பதே முறை. எஸ்.ஏ.இ. ஜே994 என்ற தரம் அவற்றை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது: ஏ வகுப்பு 112 டெசிபல், பி 107, சி 97, டி 87, இ 77. ஒவ்வொன்றிலும் 4 டெசிபல் கூடக் குறைய இருக்கலாம். பெட்டியில் இந்தத் தரத்தின் பெயரும் வகுப்பும் இருந்தால் அந்த எண்ணை நம்பிக் கணக்குப் போடலாம். 107 டெசிபல் அலாரம் 5 மீட்டரில் சுமார் 95, 10 மீட்டரில் 89. 97 டெசிபல் அலாரம் 5 மீட்டரில் 85, 10 மீட்டரில் 79. பின்னால் நிற்பவருக்குச் சுற்றுச் சத்தத்தை விட 5 முதல் 10 டெசிபல் கூடுதலாகக் கேட்டால் போதும். அதற்கு மேல் போனால் பாதுகாப்பு கூடாது, தொல்லைதான் கூடும்.

அடுத்து, அந்தப் பெண் ஏன் வண்டிப் பக்கமே நகர்ந்தார் என்ற விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் வாங்கப்போகும் அலாரத்தின் வகையை இதுதான் முடிவு செய்கிறது.

'பீப்-பீப்' அலாரம் ஒரே ஒரு சுருதியில் கத்துகிறது, பெரும்பாலும் 1,000 முதல் 1,500 ஹெர்ட்ஸுக்குள். சத்தம் எந்தப் பக்கம் என்று காது கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. தாழ்ந்த சத்தத்தில், இரு காதையும் அது எட்டும் நேர வித்தியாசம் உதவும். 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, தலை மறைப்பதால் ஒரு காதில் சத்தம் குறைந்து கேட்பது உதவும். 1,000க்கும் 3,000க்கும் இடையில் இரண்டுமே பலவீனம். முன்னாலா பின்னாலா என்று பிரிப்பதற்கோ காதுமடல் வடிகட்டித் தரும் உச்ச அலைகள், அதாவது உயர்ந்த சுருதிகள், வேண்டும். ஒற்றைச் சுருதியில் அவை கிடையவே கிடையாது. குனிந்து, வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்பவருக்கு அலாரம் நன்றாகவே கேட்டிருக்கும். எங்கிருந்து என்றுதான் தெரிந்திருக்காது.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. ஒற்றைச் சுருதி தரையிலும் டிரெய்லர் தகட்டிலும் பட்டுத் திரும்பி, நேரே வரும் சத்தத்தோடு மோதி, சில இடங்களில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். 1,250 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 27 செ.மீ.தான். அதனால் ஓரிடத்தில் காதைப் பிளக்கும் சத்தம், ஒரு முழம் தள்ளி நின்றால் பாதியாகக் கேட்கும். நடந்துகொண்டே இருப்பவருக்கு அது ஏறி இறங்கிக் கேட்பதால், வண்டி விலகிப் போகிறது என்றே தோன்றலாம்.

இதற்கு மாற்றுதான் அகல அலை அலாரம், 'வெள்ளைச் சத்தம்' என்று கடைக்காரர்கள் சொல்வது. 'ஷ்ஷ்க்-ஷ்ஷ்க்' என்று சீறும். பல சுருதிகள் ஒன்றாகக் கலந்திருப்பதால் காதுக்கு வேண்டிய எல்லாத் தடயமும் அதில் கிடைக்கிறது. கேட்டவுடன் தலை சரியான பக்கம் திரும்பும். உச்ச அலைகள் தூரம் போகப்போக, மரம் மட்டை மறைக்க மறைக்க, சீக்கிரம் தேய்ந்துவிடும். லயத்துச் சண்டைக்கும் அதுவே பாதி மருந்து.

அதற்காக பீப் அலாரம் எல்லாவற்றையும் கழற்றிப் போடு என்று சொல்லவில்லை. ஒரே ஒரு வண்டி ஓடும் திறந்த வெளிக்காட்டில், சரியான இடத்தில் பூட்டிய நல்ல பீப் அலாரம் போதும். காசை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் டிராக்டரில் பிடியுங்கள், ஷவலில் வேண்டாம்.

இனி வண்டிவாரியாக.

ஷவல்தான் உங்களிடம் உள்ளதிலேயே ஆபத்தானது. நாள் முழுவதும் முன்னும் பின்னும் ஓடுகிறது. சுற்றிலும் ஆட்கள், லோரிகள், ஆலைச் சத்தம். ரேம்ப்பின் கான்கிரீட் சுவரில் பீப் பட்டுத் திரும்பும்போது திசை சுத்தமாகக் குழம்பிவிடும். இரண்டு வண்டி ஒரே நேரத்தில் பீப் அடித்தால் எது எது என்று யாருக்கும் தெரியாது. அதற்கு அகல அலை, தானே சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகை, 87 முதல் 107 வரை போகக்கூடியது வாங்குங்கள். மண் அள்ளும் இயந்திர அலாரத்துக்கு ஐ.எஸ்.ஓ. 9533 என்று தனித் தரம் உண்டு. அதற்குப் பொருந்துமா என்று கேளுங்கள். கூடவே ஒரு மின்னும் விளக்கும் வேண்டும். ஆலையில் காதடைப்பான் போட்டவர்கள் இருக்கிறார்கள், பல வருடச் சத்தத்தில் காது மங்கியவர்களும் இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் சத்த விதிமுறைப்படி ஒரு நாள் வேலைக்கான வரம்பு 85 டெசிபல். உங்கள் அலாரமும் அந்தக் கணக்கில் சேரும். எனவே 112 டெசிபல் நிலை அலாரத்தை (சத்தம் கூடாமல் குறையாமல் ஒரே அளவில் அடிப்பதை)க் காலை முதல் மாலை வரை அலற விடுவது தீர்வு ஆகாது.

ரோரோ லோரிகளுக்கும் தானே கூட்டிக் குறைக்கும் அகல அலை அலாரமே சரி. 77 முதல் 97 வரை உள்ளது போதும். ஆலை ரேம்ப்பில் அது உயரும், விடியற்காலை அமைதியில் தாழும். 107 டெசிபல் நிலை அலாரம் 100 மீட்டர் தள்ளி இருக்கும் லயத்து வீட்டு வாசலிலும் 69 டெசிபலாகக் கேட்கும். அதே தூரத்தில் 77 டெசிபலுக்குத் தாழ்ந்த அலாரம் 39தான். சேவல் கூவுவதற்கு முன்னால் இந்த வித்தியாசம் பெரியது. அலாரத்தைச் சட்டத்தின் பின்முனையில் பூட்டுங்கள், தொட்டியில் பூட்டாதீர்கள். தொட்டி இறங்கிப் போகும். வயரும் கூடவே போகும்.

தானே கூட்டிக் குறைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த அலாரத்துக்குள் ஒரு மைக் உண்டு. சைலன்சர் பக்கமோ ரேடியேட்டர் விசிறிப் பக்கமோ பூட்டினால், தன் எஞ்சின் சத்தத்தையே சுற்றுச் சத்தம் என்று எடுத்துக்கொண்டு எப்போதும் உச்சத்தில் கத்தும். 'இந்த அலாரம் குறையவே மாட்டேன் என்கிறது' என்று வரும் புகாரில் பெரும்பாலும் இதுதான் காரணம். எஞ்சின் பின்னால் இருக்கும் ஷவலில் இதற்கு இடம் தேடுவது கொஞ்சம் பாடு. பின் எடைக்கல்லின் வெளிப்புறம், சைலன்சரிலிருந்தும் விசிறிக் காற்றிலிருந்தும் விலகி, ஒரு ஓரமாகப் பாருங்கள்.

டிராக்டருக்கு 97 டெசிபல் நிலை அலாரம் போதும். ஆனால் எங்கே பூட்டுகிறீர்கள்? உங்கள் பழைய அலாரம் சீட்டுக்குப் பின்னால், ஹிட்ச்சுக்கு மேலே இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். அங்கே இருந்தால் குலை நிறைந்த டிரெய்லர் அதற்கு முன்னால் சுவராக நிற்கிறது. சத்தம் இரண்டு பக்கமாகப் பிதுங்கித்தான் பின்னால் போகும். அந்தப் பெண் தடுமாறியதற்கு அதுவும் சேர்ந்திருக்கலாம். டிரெய்லரின் பின் சட்டத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், வாய் பின்னோக்கிச் சற்றே தாழ்ந்திருக்கும்படி பூட்டுங்கள். வாய் மேலே பார்த்தால் மழைநீரும் சேறும் உள்ளே தங்கும்.

டிரெய்லருக்கு வயர் கொண்டுபோவதில்தான் ஆட்கள் சிக்கிக்கொள்கிறார்கள். வழக்கமான 12 வோல்ட் 7 முனை பிளக்கில் சிக்னல், பிரேக், வால் விளக்கு எல்லாம் உண்டு. ரிவர்ஸுக்கு என்று முனை கிடையாது. தனியாக இரண்டு முனை பிளக் ஒன்று, மூடி உள்ளதாகப் போடுங்கள். எர்த்தை ஹிட்ச் பின்னை நம்பி விடாதீர்கள். கிரீஸும் துருவும் படிந்த அந்தப் பின் வழியாக ஓடும் எர்த் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. கறுப்பு வயரையும் பேட்டரி மைனஸிலிருந்தே இழுங்கள்.

பல பழைய டிராக்டர்களில் ரிவர்ஸ் சுவிட்சே இருக்காது. கியர் நெம்புகோல் ரிவர்ஸில் வந்து நிற்கும் இடத்தில், உருளை முனை உள்ள, நீர் புகாத லிமிட் சுவிட்சு ஒன்றைப் பிடிமானத் தகட்டோடு பூட்ட வேண்டும். நெம்புகோல் முழுதாக ரிவர்ஸில் விழுந்தால் மட்டும் மூடும்படி சரிசெய்து, நட்டை இரட்டை நட்டாக இறுக்குங்கள். ஆட்டத்தில் அது நகர்ந்து நியூட்ரலிலும் அலாரம் அடிக்க ஆரம்பித்தால், டிரைவர் என்ன செய்வார் என்று உங்களுக்கே தெரியும்: வயரைப் பிடுங்கிவிடுவார். அலாரம் 'கெட்டுப்போவது' பாதிக்கு மேல் இப்படித்தான்.

மற்றபடி வயரிங் எளிது. லோரியும் ஷவலும் 24 வோல்ட், டிராக்டர் 12. 12-24 இரண்டுக்கும் ஓடும் அலாரம் வாங்கினால் மாற்றுப் பெட்டி ஒன்று போதும். ரிவர்ஸ் விளக்கு வயரில் நேராக ஒட்டுப்போடுவதுதான் வழக்கம். அலாரம் இழுப்பது ஒரு ஆம்பியர் அளவுதான் என்பதால் பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால் விளக்கை எல்.இ.டி.க்கு மாற்றிய வண்டியில், அல்லது அதே வயரில் பின்பக்க வேலை விளக்கும் தொங்கும் வண்டியில், ரிலே போடுங்கள். ரிலேயின் முனை எண்படி, ரிவர்ஸ் வயர் 86க்கு, எர்த் 85க்கு, 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக சாவி மின்சாரம் 30க்கு, அலாரம் 87க்கு. லோரிக்கு 24 வோல்ட் ரிலே. 12 வோல்ட் ரிலேயைப் போட்டால் சுருள் கருகும். வயர் 1.5 சதுர மி.மீ. இருக்கட்டும். மின்சாரத்துக்கு அதை விட மெல்லியதே போதும், ஆனால் செம்பனை மட்டை இழுப்பதையும் எலி கடிப்பதையும் மெல்லிய வயர் தாங்காது. வளைகுழாய்க்குள் விட்டு, 30 செ.மீ.க்கு ஒரு கட்டு.

பூட்டி முடித்ததும் மீட்டர் வையுங்கள். அலாரம் அடிக்கும்போது அதன் இரண்டு வயரிலும், எஞ்சின் ஓட்டத்தில், லோரியில் 27-28 வோல்ட், டிராக்டரில் 14க்குப் பக்கம் வர வேண்டும். பிறகு மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையை அலாரத்தின் கறுப்பு வயரிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பெயிண்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு மறுபடி இறுக்குங்கள். கம்மிய குரலில் அடிக்கும் அலாரத்தைக் குப்பையில் போடும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்யுங்கள்.

இந்தச் சோதனைக்கு ரிவர்ஸ் கியரைப் போட்டு, எஞ்சினும் ஓட, வண்டிக்குப் பின்னால் ஆளை நிறுத்தாதீர்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஃபியூஸ் உள்ள தற்காலிக வயரால் பேட்டரியிலிருந்து அலாரத்துக்கு நேராக மின்சாரம் கொடுங்கள். அந்த நிலையிலேயே சத்தத்தையும் அளந்துவிடலாம்: பின் மூலைகள் இரண்டு, நடு, பிறகு 3, 5, 7 மீட்டர் தூரங்கள். ஒவ்வொரு இடத்திலும் அலாரம் இல்லாமல் ஒரு அளவு, அடிக்கும்போது ஓர் அளவு. கைப்பேசிச் செயலி காட்டும் எண் அவ்வளவு சுத்தம் இல்லை. ஆனால் இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க உதவும். வேலை ஆட்கள் நிற்கும் எந்த இடத்திலும் வித்தியாசம் 5க்குக் குறையக்கூடாது.

தண்ணீர் விஷயம். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். பிரஷர் பம்ப் தாரையை அது தாங்கும் என்று அர்த்தமில்லை. அதற்கு ஐபி69கே வேண்டும். நீங்கள் ஷவலைத் தினமும் பம்ப் வைத்துக் கழுவுவீர்கள் என்றால் அதற்காவது 69கே வாங்குங்கள். லோரியில் ஐபி67 போதும், தாரையை மட்டும் அலாரத்தின் வாயில் நேராகப் பிடிக்க வேண்டாம் என்று கெலிண்டானிடம் (லோரி உதவியாளிடம்) சொல்லிவையுங்கள். வாயில் அப்பிய எண்ணெய்ச் சேற்றைத் துணியால் துடைத்தாலே பாதிச் சத்தம் திரும்பி வரும். வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும்போது வாயின் மேல் டேப் ஒட்ட மறக்காதீர்கள்.

இரவுச் சுவிட்சு வேண்டாம். இரவில் அணைத்தது காலையில் அணைந்தபடியேதான் இருக்கும். வெளிச்சம் இல்லாத நேரத்தில் அலாரத்தை நிறுத்துவது தலைகீழ் வேலையும்கூட. விடியற்காலைச் சண்டைக்கு வேறு வழி இருக்கிறது, ஒரு காசு செலவில்லை: மாலையில் வண்டியை ஷெட்டில் கோஸ்தான் எடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். மாலை 5 மணிக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். காலையில் மூக்கு வெளியே பார்த்தபடி நேராகக் கிளம்பலாம், அலாரம் அடிக்கவே அடிக்காது. ஆலையிலும் இப்படித்தான்: ரேம்ப்புக்குள் வருவதும் போவதும் ஒருவழியாக ஓடும்படி நிர்வாகத்திடம் பேசி மாற்ற முடிந்தால், எந்த அலாரத்தை விடவும் அது மேல்.

பேசும் அலாரம் சத்தமான இடத்தில் வெறும் முணுமுணுப்பாகிவிடும். தமிழர், வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், நேப்பாளி என்று கலந்து வேலை செய்யும் இடத்தில் எந்த மொழியில் பேச வைப்பீர்கள்? பாட்டுப் பாடும் அலாரம் அதைவிட மோசம். ஐஸ்கிரீம் வண்டி என்று நினைத்துப் பிள்ளைகள் ஓடிவரும்.

கடைசியாக ஒன்று. அகல அலை அலாரத்தை முதல் தடவை கேட்பவருக்கு அது எச்சரிக்கை என்றே தோன்றாது. காற்றுக் குழாய் ஒழுகுகிறது என்று நினைப்பார். பூட்டிய மறுநாள் காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆட்கள் கூடும் நேரத்தில்) லோரியை நிறுத்தி அடித்துக் காட்டுங்கள். கண்ணை மூடச் சொல்லி, எந்தப் பக்கம் என்று கையைக் காட்டச் சொல்லுங்கள். பழைய பீப் அலாரத்தையும் பக்கத்திலேயே அடித்துக் காட்டினால் வித்தியாசம் அவர்களுக்கே தெரிந்துவிடும். அதோடு இதையும் சொல்லிவிடுங்கள்: நடை வேகத்தில், மணிக்கு 5 கிலோமீட்டரில் பின்னால் வரும் வண்டி 5 மீட்டரைக் கடக்க நாலு வினாடிகூட ஆகாது. சத்தம் கேட்டதும் பழத்தைப் போட்டுவிட்டு, வண்டியின் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலக வேண்டும். டிரைவரும் பின்னால் ஆள் தெரியாவிட்டால் இறங்கிப் பார்க்காமல் எடுக்கக்கூடாது.